பதில் சொல்லும் ஆமை

பயிற்சியை வெள்ளிக்கிழமை வைத்தது தப்பு என்று லெவுக்காவில் யாரைக் கேட்டாலும் சொல்லியிருப்பார்கள். ஆனால் ஃபிஜியின் தலைநகர் சூவாவில் உட்கார்ந்து தேதி குறிப்பவர்கள் யாரையும் கேட்பதில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் அரசு ஊழியரின் உடம்புதான் நாற்காலியில் இருக்கும். மனசு சந்தையில் மரவள்ளிக் கிழங்கு விலை விசாரித்துக்கொண்டிருக்கும்.

இருந்தாலும் நகர மண்டபத்தில் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். தண்ணீர், சாலை, மீன்வளம், தபால் என்று எல்லாத் துறையிலிருந்தும் ஆள் வந்திருந்தது. புதிய ஊடகங்கள் வழியாக மக்களோடு பேசுவது எப்படி என்று சொல்லிக்கொடுக்கப் போகிறார்களாம். இந்த ஊரில் ஒரே ஒரு கடைத்தெரு. அதில் இந்த முனையில் தும்மினால் அந்த முனையில் நலம் விசாரிப்பார்கள். இவர்களுக்குப் பேசக் கற்றுக்கொடுக்க ஒருவன் கடல் தாண்டி வரவேண்டியிருக்கிறது.

வந்தவன் ரித்னேஷ். முப்பது வயது, பூப்போட்ட சட்டை, சிரித்த முகம். நல்ல பையன்தான். போன வருஷமும் இவன்தான் வந்து சொல்லிக்கொடுத்தான்.

முன்வரிசையில் ஓரமாக உனைசி உட்கார்ந்திருந்தாள். வெளித்தீவுகளுக்குத் தண்ணீர்த் தொட்டியும் மருந்தும் படகில் கொண்டுபோகும் ஒரு துறையில் அவள் தகவல் அதிகாரி. துறையின் பெயர் எதற்கு, சொன்னால் நாளைக்கே மறுப்பு அறிக்கை விடுவார்கள். நாற்பத்து நாலு வயது. போன வருஷப் பயிற்சியில் முதல் பரிசு வாங்கியவள். பரிசு ஒரு பீங்கான் குவளை. அதில் இப்போது அலுவலகப் பேனாக்கள் நிற்கின்றன. அவள் அதில் தேநீர் குடிப்பதை நிறுத்தித் தொண்ணூற்றொன்பது நாள் ஆகிறது.

நாளை சனிக்கிழமை சகியூசாவின் நூறாவது இரவு. செத்தவனுக்கு நூறாவது இரவு கழித்துவிட்டால் அந்த வீட்டில் துக்கம் இறங்கும். கறுப்புத் துணியைக் களைவார்கள், தலைமுடி வெட்டுவார்கள். அந்த வீட்டுக்குத் தீங்கு செய்தவர்கள் அதற்குள், இடித்துக் கரைத்துச் சபையில் குடிக்கும் யங்கோனா வேர்க்கட்டோடு போய் வாசலில் உட்கார்ந்து மன்னிப்புக் கேட்டுவிட வேண்டும் என்பது உனைசி வளர்ந்த வீட்டில் சொல்லிச் சொல்லிக் கேட்டது. அதற்குப் பிறகு போனால் ஆறின புண்ணைக் கீறின மாதிரி. சகியூசாவின் வீடு அரசுக் குடியிருப்பில் அவளுக்கு அடுத்த வீடு. இரண்டு வீட்டுக்கும் ஒரே துணிக்கொடி, நடுவில் ஒரே சுவர். தொண்ணூற்றொன்பது நாளாக அவள் அந்த வாசலை மிதிக்கவில்லை.

வருத்தமா என்று கேட்டால் அவளுக்குச் சொல்லத் தெரியாது. வருத்தம் வந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்திருக்கிறாள். சம்மணம் போட்டு ரொம்ப நேரம் உட்கார்ந்த கால் போல உள்ளே எல்லாம் மரத்துக் கிடந்தது. சாப்பிட்டாள், தூங்கினாள், அலுவலகத்தின் இணையப் பக்கத்தில் புயல் எச்சரிக்கையும் தொட்டி கழுவும் தேதியும் போட்டாள். ஒன்றும் உறைக்கவில்லை.

ரித்னேஷ் திரையில் அடுத்த படத்தைப் போட்டான். உனைசியின் துறைப் பக்கம் பெரிதாகத் தெரிந்தது.

"எல்லாரும் இங்க பாருங்க. இந்தக் கோட்டத்துலயே நம்பர் ஒன் பக்கம் எது தெரியுமா? உங்க ஊர்தான்! பதில் சொல்ற விகிதம் நூத்துக்கு நூறு. பதில் சொல்ற நேரம், உடனடி. இதுக்குக் காரணம் நம்ம உனைசி அக்கா. அக்கா, எழுந்திரிங்க, வெக்கப்படாதீங்க."

உனைசி எழுந்தாள். பின்வரிசையில் கொரோ தீவிலிருந்து வந்தவர்கள் கைதட்டினார்கள். லெவுக்காக்காரர்கள் தட்டவில்லை. ஒருவர் ஜன்னல் வழியாகக் கடலைப் பார்த்தார். தபால் அலுவலகத்துப் பெண் கைப்பையில் எதையோ தேடினாள்.

ரித்னேஷுக்கு ஒன்றும் தெரியாது. அவனிடம் இருந்தது எண் மட்டும்தான்.

நடந்தது இவ்வளவுதான். போன வருஷப் பயிற்சியில் அவன் இரண்டு பாடம் சொன்னான். ஒன்று, விபத்து என்றால் முதல் ஒரு மணி நேரத்துக்குள் நீங்களே சொல்லிவிடுங்கள், வதந்தி முந்திக்கொள்ளக்கூடாது. இரண்டு, மக்கள் செய்தி அனுப்பினால் அந்தக் கணமே பதில் போகிற மாதிரி ஒரு வாசகத்தை எழுதி வைத்துவிடுங்கள், மீதியை இயந்திரம் பார்த்துக்கொள்ளும். அதற்கு ஒரு போட்டி வைத்தான். உனைசி ஊர்ப் பாஷையில் வணக்கமும் நன்றியும் கலந்து எழுதியதற்குத்தான் பரிசு. "புலா! எங்களைத் தேடி வந்ததற்கு வினாகா! உங்கள் செய்தி எங்களுக்கு முக்கியம். ஆமை என்று நினைக்காதீர்கள், முயலாகப் பதில் தருவோம்!" பக்கத்தில் கையசைத்துச் சிரிக்கும் ஆமைப் படம். மண்டபமே சிரித்தது. அவளும் சிரித்தாள்.

பிறகு அந்த நாள் வந்தது. துறைப் படகு வெளித்தீவுக்குப் போகும் வழியில் திடீர்க் காற்றில் கவிழ்ந்தது. ஓட்டிப்போனவன் சகியூசா. மத்தியானம் இரண்டே முக்காலுக்கு மீனவர்கள் அவன் உடலை எடுத்துவிட்டார்கள். உனைசிக்கு அப்போதே தெரியும். மேலதிகாரி இலைத்தியாவுக்கும் தெரியும். ஆனால் சாவுச் செய்தியைப் போகிறபோக்கில் சொல்ல முடியுமா? வயதில் பெரிய ஆண்களைக் கூட்ட வேண்டும், யங்கோனா எடுத்துக்கொண்டு போய் முறையாக உட்கார்ந்து சொல்ல வேண்டும். அதுவரை யாரும் அந்த வீட்டுக்கு வாய் திறக்கக்கூடாது. உனைசி வாய் திறக்கவில்லை. சகியூசாவின் மனைவி, அடுத்த வீட்டுக்காரி, தங்கை போலப் பழகினவள், கெலெரா அவள் பெயர். அவளைக் கூப்பிடக்கூடாது என்று கைபேசியைக் கவிழ்த்து வைத்தாள். அந்த அளவுக்கு முறை காத்தாள்.

அதே கையால் மூன்று பத்துக்குத் துறைப் பக்கத்தில் செய்தி போட்டாள். சூவாவிலிருந்து அவசரப்படுத்தினார்கள், ஒரு மணி நேரக் கணக்கு வேறு. பெயர் போடவில்லை. எத்தனை பேர் என்று போடவில்லை. கவிழ்ந்த படகின் படம் மட்டும் போட்டாள். பெயர் இல்லாததால் முறை தவறவில்லை என்று நினைத்தாள்.

எருமை தண்ணீருக்குள் கிடந்தால் கொம்பை வைத்துச் சொல்லிவிடுவார்கள் ஊர்க்காரர்கள். மஞ்சள் கோடு போட்ட படகு லெவுக்காவில் ஒன்றுதான். அதை ஓட்டுகிறவனும் ஒருவன்தான். கோட்டைப் போட்டவனும் அவன்தான். படத்துக்குக் கீழே ஐந்து நிமிஷத்தில் ஊரே ஜெபம் எழுதத் தொடங்கிவிட்டது. இலைத்தியாவின் ஆட்கள் மலைப்படி ஏறிப் போய்க் கெலெரா வீட்டில் உட்கார்ந்தபோது மணி ஆறரை.

அந்த மூன்று மணி நேரத்தில் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசியதால் தொலைபேசி இணைப்பு கிடைக்கவில்லை. செய்தி மட்டும் போனது. கெலெரா உனைசியின் எண்ணுக்கு முயன்று பார்த்துவிட்டு, உனைசிதானே பக்கத்தைப் பார்த்துக்கொள்கிறாள் என்று பக்கத்துக்கே எழுதினாள். பதினொரு செய்தி. பதினொன்றுக்கும் ஆமை பதில் சொன்னது. ஆமை பதில் சொன்னவை எல்லாம் பதில் தரப்பட்டவை என்ற அடுக்குக்குப் போய்விடும். அதனால் உனைசி கண்ணில் அவை படவில்லை. மறுநாள் காலை வேறு எதையோ தேடும்போது பட்டன.

கட்டிக் கொடுத்த சோறும் சொல்லிக் கொடுத்த சொல்லும் எத்தனை நாளைக்கு என்பார்கள். இந்தச் சொல் நூறு நாளாகத் தாங்கிவிட்டது.

மன்னிப்புக் கேட்கப் போகலாம் என்று அவள் இலைத்தியாவிடம் ஒருமுறை கேட்டாள். பெண் தனியாகப் போய்ச் சொல்லக்கூடாது, அவள் பக்கத்தில் ஓர் ஆண் பேச வேண்டும். அவள் ஊர் தூரத்தில் கன்டாவு தீவில். அண்ணன் அயல்நாட்டில் அமைதிப்படையில் இருந்தான்.

"நான் வரலாம் உனைசி. வரக்கூடாதுன்னு இல்ல," என்றார் இலைத்தியா. அவர் நல்ல மனுஷர், மேஜையைத்தான் பார்த்துப் பேசினார். "ஆனா ஆபீஸ் போய் மன்னிப்புக் கேட்டா, ஆபீஸ் தப்புப் பண்ணின மாதிரி ஆயிடும்ல? சூவால எழுதிக் கேட்டிருக்கேன். பதில் வரட்டும்."

பதில் வரவில்லை. சூவாவில் ஆமை வைக்கவில்லை போலிருக்கிறது.

அதிலிருந்து தினமும் பத்து மணித் தேநீர் வேளையில் உனைசி அந்தப் பதினொரு செய்தியையும் திறந்து படிப்பாள். பதில் எழுதும் பெட்டியில் விரல் வைப்பாள். மூடிவிடுவாள். ஆமையை நிறுத்தவும் கை வரவில்லை. நிறுத்தப் போனால் அந்தப் பக்கத்தில் அவள் எழுதிய வாசகத்தை முழுக்கப் படிக்க வேண்டும்.

"அக்கா, உங்க கைபேசியைத் திரையில இணைக்கிறேன்," என்றான் ரித்னேஷ். "நீங்க எப்படிப் பண்றீங்கன்னு நேர்லயே காட்டுங்க. இப்ப யாராவது ஒரு செய்தி அனுப்புங்கப்பா, பதில் எவ்வளவு வேகமா வருதுன்னு பாக்கலாம்."

உனைசி கைபேசியைக் கொடுத்தாள். வேண்டாம் என்று சொல்ல ஒரு காரணம் தேடி, அதைத் தேடும் அலுப்பில் கொடுத்துவிட்டாள். திரையில் செய்திப்பெட்டி விரிந்தது. யாரும் அனுப்பவில்லை. ரித்னேஷ் கையைத் தட்டினான். "ஒரே ஒரு ஆள் போதும். தண்ணி எப்ப வரும்னு கேளுங்களேன், தினமும் கேக்கறதுதானே."

சிரிப்பு எழுந்தது. அந்தச் சிரிப்பு அடங்குவதற்குள் திரையில் டிங் என்று ஒரு செய்தி விழுந்தது. மண்டபத்திலிருந்து இல்லை.

"நாளையோட நூறு ராத்திரி ஆகுது. இன்னும் அங்க யாராவது இருக்கீங்களா?"

மேலே கெலெராவின் பெயர்.

ஒரு நொடிகூட ஆகவில்லை. அதற்குக் கீழே ஆமை வந்து கையசைத்தது. புலா! எங்களைத் தேடி வந்ததற்கு வினாகா!

"பாத்தீங்களா!" என்றான் ரித்னேஷ். கொரோ தீவுக்காரர்கள் கைதட்டினார்கள். இரண்டு பேர் மட்டும்தான் முழுதாகத் தட்டினார்கள், மற்றவர்கள் பாதியில் நிறுத்தினார்கள், ஏனென்றால் மண்டபத்தின் மீதிப் பாதி கல்லாக உட்கார்ந்திருந்தது. மூலையில் இருந்த இலைத்தியா தலையைக் குனிந்துகொண்டார்.

ரித்னேஷ் திரையை மறுபடி படித்தான். இந்தமுறை எண்ணைப் பார்க்கவில்லை. எழுத்தைப் பார்த்தான். "அக்கா," என்றான் மெதுவாக. "இவங்க யாரு?"

"பக்கத்து வீடு."

உனைசி கைபேசியை வாங்கி, இணைப்பை எடுத்துவிட்டு, அங்கேயே நின்றபடி அமைப்புகளுக்குள் போனாள். ஆமை இருக்கும் இடம் அவளுக்குக் கண்ணை மூடினாலும் தெரியும். வாசகத்தை முழுதும் ஒருதரம் படித்தாள். பிறகு நிறுத்தினாள்.

"நூறு சதவீதம் போயிடுமே அக்கா," என்றான் அவன். பழக்கதோஷம், வாயில் வந்துவிட்டது. சொன்ன பிறகு நாக்கைக் கடித்துக்கொண்டான்.

"போகட்டும்பா," என்று சொல்லிவிட்டு அவள் வெளியே நடந்தாள். இலைத்தியா பாதி எழுந்தார். அவள் அவரைத் தாண்டும்வரை அப்படியே நின்றார், பிறகு உட்கார்ந்தார்.

சந்தையில் கைப்பையில் இருந்ததைக் கொடுத்து ஒரு யங்கோனா வேர்க்கட்டு வாங்கினாள். மலைப்படியில் அதை மார்போடு அணைத்து ஏறினாள். மீன் தொழிற்சாலைச் சங்கு ஊதியது. படி எண்ணுவது அவள் வழக்கம், இன்று எண்ணிக்கை நடுவில் விட்டுப்போனது.

கெலெரா கறுப்புச் சட்டையில் முன்திண்ணைப் பலகையில் உட்கார்ந்து தாழம்பாய் முடைந்துகொண்டிருந்தாள். நாளைக்கு வரும் ஆட்களுக்கு விரிக்கும் பாய். பாதிதான் ஆகியிருந்தது. உள்ளே உறவுப் பெண்கள் பாத்திரம் கழுவும் சத்தம் கேட்டது. கெலெராவின் தலைமுடி நூறு நாள் வளர்த்தியாகக் கழுத்தைத் தொட்டது. உனைசி படியில் செருப்பைக் கழற்றி, தலையைத் தாழ்த்தி, தரையில் உட்கார்ந்து வேர்க்கட்டை முன்னால் வைத்தாள்.

கெலெராவின் கை நிற்கவில்லை. ஓலைமேல் ஓலை போய்க்கொண்டிருந்தது.

"அதை நான் தொடக்கூடாது," என்றாள். "ஆம்பளைங்கதான் வாங்கணும்."

"தெரியும்."

"உனக்காகப் பேச யாரு வந்திருக்கா?"

"யாரும் வரல."

"பின்ன எதுக்குக் கொண்டுவந்த?"

"வெறுங்கையோட வரத் தெரியல."

கெலெரா ஓர் ஓலையை இழுத்து இறுக்கினாள். "இப்ப அனுப்பினதுக்குப் பதில் வந்துச்சு," என்றாள். "ரொம்பச் சீக்கிரம் வந்துச்சு."

"பாத்தேன்."

"பாத்தியா? அப்ப அங்க ஆள் இருக்கத்தான் செய்யுது."

மன்னிப்புக் கேட்க வேண்டிய சொற்கள் உனைசிக்கு மனப்பாடம். நூறு நாளாக ஒத்திகை பார்த்தவை. அவை இப்போது அலுவலக அறிக்கை மாதிரி நாக்கில் கிடந்தன. அவற்றைச் சொல்ல அவளுக்கே கூச்சமாக இருந்தது.

கெலெரா ஓலையைக் கீழே வைத்தாள். மடியிலிருந்து கைபேசியை எடுத்து, கட்டைவிரலால் நெடுநேரம் மேலே மேலே தள்ளினாள். ஓரிடத்தில் நிறுத்தினாள்.

"நான் வாசிக்கிறேன். நீ பதில் சொல்லு."

"கெலெரா..."

"பதில் சொல்லு." கெலெரா வாசித்தாள். "அக்கா, போன் போக மாட்டேங்குது. படத்துல இருக்கறது நம்ம படகா?"

"நம்ம படகுதான்," என்றாள் உனைசி.

கெலெரா திரையில் ஆமையைத் தள்ளினாள். "மஞ்சக் கோடு தெரியுது. இன்னிக்கி அவர்தான் போனாரா?"

"அவர்தான்."

"காலையில டீ குடிக்காமக் கெளம்பிட்டாரு. ஆபீஸ்ல வந்து குடிச்சாரா?"

"குடிச்சாரு. ரெண்டு பன்னு சாப்பிட்டாரு. எனக்கு ஒண்ணு வச்சுட்டுப் போனாரு."

அது கெலெராவுக்குப் புதிய சேதி. அந்தப் பன்னை உனைசி அன்று சாப்பிடவில்லை, அடுத்த வாரம் எறும்பு மொய்த்த பிறகுதான் எடுத்துப் போட்டாள். அதைச் சொல்லவில்லை.

"கீழ எல்லாரும் ஏன் ஜெபம் எழுதறாங்க?"

"அவங்களுக்குத் தெரிஞ்சுபோச்சு."

"உங்களுக்குத் தெரியுமா அக்கா?"

உள்ளே பாத்திரச் சத்தம் நின்றிருந்தது. யாரோ கதவோரம் வந்து நின்றார்கள்.

"தெரியும். ரெண்டே முக்காலுக்கே தெரியும். உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னு போனைக் கவுத்து வச்சேன். அப்புறம் படத்தப் போட்டேன்."

கெலெரா தலையை நிமிர்த்தவில்லை. குரல் மட்டும் தேய்ந்தது. மீதியையும் வாசித்தாள். எந்த ஆஸ்பத்திரி. சட்டை என்ன நிறம். பெரியவனைப் பள்ளியிலிருந்து கூட்டிவர வேண்டுமா. உனைசி ஒவ்வொன்றுக்கும் சொன்னாள். ஆஸ்பத்திரி இல்லை. நீலச் சட்டை. கூட்டிவந்துவிடு. நூறு நாள் பழைய கேள்விக்கு நூறு நாள் பழைய பதில், யாருக்கும் இனி ஒரு பயனும் இல்லை. இருந்தும் ஒன்றையும் விடாமல் சொன்னாள்.

"ஆமை வேணாம் அக்கா," என்று கடைசிக்கு முந்தினதை வாசித்தாள் கெலெரா. "நீங்க சொல்லுங்க."

உனைசிக்கு நெஞ்சில் எங்கேயோ குத்தியது. மரத்த காலில் ரத்தம் திரும்பும்போது குத்துமே, அப்படி. அவளுக்கு அது பயமாக இருந்தது.

"சகியூசா செத்துட்டாரு கெலெரா," என்றாள். "நான்தான் உன்கிட்ட மொதல்ல வந்து சொல்லியிருக்கணும். முறையாவது ஒண்ணாவது. செவுத்தைத் தட்டியிருந்தாலே உனக்குக் கேட்டிருக்கும்."

கெலெரா அழுதாள். சத்தம் இல்லை, மூக்கை மட்டும் உறிஞ்சினாள். கதவோரம் நின்ற பெண் வெளியே வரப் பார்த்தாள், கெலெரா கையைக் காட்டி நிறுத்தினாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அதை வாசிக்கத் திரை தேவைப்படவில்லை. கைபேசியை மடியில் கவிழ்த்து வைத்துவிட்டு உனைசியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"யாராவது இருக்கீங்களா?"

"இருக்கேன்," என்றாள் உனைசி.

வேர்க்கட்டு இரண்டு பேருக்கும் நடுவில் அப்படியே கிடந்தது. கெலெரா அதைத் தொடவில்லை, தள்ளவும் இல்லை. "அங்கயே கெடக்கட்டும்," என்றாள். "நாளைக்கு அவரோட அண்ணன் வருவாரு. எடுக்கறதும் எடுக்காததும் அவர் இஷ்டம். எனக்குத் தெரியாது."

"சரி."

பிறகு அவள் ஓலைக் கட்டிலிருந்து பாதியைப் பிரித்து உனைசியின் பக்கம் தள்ளினாள். பாய் இன்னும் பாதி பாக்கி இருந்தது.